பழைய வீட்டைத் திருத்துவோர் சோலைவரியைக் கையாளும் முறை

இலங்கையின் மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் உள்ள எங்கள் அம்மம்மாவின் வீட்டைத் திருத்தலாம் என்று நாங்கள் பேசத் தொடங்கியபோது, சிகாகோவில் குடியிருக்கும் என் தங்கை முதலில் கேட்ட கேள்வி, "அதற்கு வரிச்சலுகை எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். அவள் வாழும் இடத்து வழக்கத்தை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. இலினோய் மாநிலத்தில், வரலாற்றுப் பெறுமதி உடையதாக ஏற்கப்பட்ட வீட்டில் உரிமையாளரே குடியிருந்து, வீட்டின் பெறுமதியில் கால்வாசிக்குக் குறையாத தொகையைச் செலவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட முறையில் அதைத் திருத்தினால், சொத்துவரி மதிப்பீடு 8 ஆண்டுகளுக்கு வேலைக்கு முந்திய அளவிலேயே நிறுத்திவைக்கப்படும். அடுத்த 4 ஆண்டுகளில் அது படிப்படியாக ஏறி வழமைக்குத் திரும்பும். கலிபோர்னியாவில் 1972 இல் வந்த மில்ஸ் சட்டத்தின் கீழ், உரிமையாளர் உள்ளூர் அரசுடன் குறைந்தது 10 ஆண்டு ஒப்பந்தம் செய்து, வீட்டைப் பேணுவதாகப் பொறுப்பேற்று, வரியைக் குறைத்துக்கொள்கிறார். அமெரிக்கச் சமஷ்டி அரசு தரும் 20 வீத வருமானவரிச் சலுகையோ வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கு மட்டும் உரியது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு அது இல்லை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படிப் பெயர் சூட்டிய சலுகை எதுவும் இல்லை. பழைய வீட்டைப் பேணித் திருத்தினார் என்ற ஒரே காரணத்துக்காகச் சோலைவரியை, அதாவது உள்ளூர்ச் சபைக்குக் கட்டும் சொத்துவரியை, குறைக்கும் பிரிவு 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச்சட்டத்தில் இல்லை. ஆனால், வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டு, வேலை தொடங்குவதற்கு முன்பே கோப்பைச் சரியாக அமைத்துக்கொள்பவர், தேவையற்ற வரி ஏற்றத்தைத் தவிர்க்க முடியும். திருத்தம் வேறு, கூட்டிக் கட்டுதல் வேறு. இந்த வேறுபாட்டைக் காகிதத்தில் காட்டத் தெரிந்திருப்பதே இப்போதைக்கு நமக்குள்ள சலுகை.

வரி எதன்மேல் விழுகிறது

சோலைவரி, ஆதனவரி, மதிப்பீட்டு வரி என்று மூன்று பெயர்களில் வழங்கினாலும் பொருள் ஒன்றுதான். அது வீட்டின் விற்பனை விலைமேல் விதிக்கப்படுவதில்லை. 'ஆண்டுப் பெறுமதி' என்பதன்மேல் குறித்த வீதத்தில் விதிக்கப்படுகிறது. வரிகளைக் குடியிருப்பவரும், திருத்தவேலை மற்றும் பராமரிப்புச் செலவுகளை உரிமையாளரும் ஏற்பதாக வைத்துக்கொண்டால், அந்த வீட்டுக்கு ஒருவர் ஆண்டொன்றுக்கு நியாயமாகக் கொடுக்கக்கூடிய வாடகை எவ்வளவோ, அதுவே ஆண்டுப் பெறுமதி. மதிப்பீட்டை விலைமதிப்புத் திணைக்களம் செய்கிறது. வீதத்தைச் சபை தீர்மானிக்கிறது. பிரதேச சபைகளில், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கட்டடங்கள் செறிந்தவை என அறிவிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே இவ்வரி அறவிடப்படும்; ஆகவே காரைதீவிலோ நிந்தவூரிலோ திருக்கோவிலிலோ வீடு உள்ளவர்கள், தங்கள் ஒழுங்கை அந்த அறிவித்தலுக்குள் வருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேற்சொன்ன வரைவிலக்கணத்தை ஒருமுறைக்கு இருமுறை வாசிப்பது நன்று. திருத்தச் செலவு உரிமையாளருடையது என்று சட்டமே முன்கூட்டி வைத்துக்கொள்வதால், உடைந்த ஓட்டை மாற்றுவதும், உக்கிய கைமரத்தை எடுத்துப் புதிதாக வைப்பதும், உதிர்ந்த சாந்தைப் பூசுவதும், ஏற்கெனவே எதிர்பார்க்கப்பட்ட பராமரிப்புக்குள் அடங்குகின்றன. புதிய அறை, புதிய குளியலறை, மேல்மாடி, முன்பக்கத்தில் ஒரு கடை ஆகியன அப்படியல்ல. அவை வாடகையை உண்மையிலேயே கூட்டுபவை. இதில் ஒரு விதிவிலக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீடு இடிந்து கிடக்கிறது என்பதற்காக முன்னர் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தால், திருத்திய பின்னர் பெறுமதி ஏறுவதை எதிர்த்து வாதிட இடமில்லை.

உதாரணத்துக்கு, ஆண்டுப் பெறுமதி ரூ. 60,000 என்றும் வரிவீதம் நூற்றுக்கு 8 என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ. 4,800, காலாண்டுக்கு ரூ. 1,200 செலுத்த வேண்டும். பின்பக்கத்தில் இரண்டு அறைகளையும் குளியலறையையும் கூட்டிக் கட்டியதால் பெறுமதி ரூ. 90,000 ஆக ஏறினால், வரி ரூ. 7,200 ஆகிறது. இந்த ஏற்றம் நியாயமானது. அதே வீட்டில் கூரையையும் தரையையும் மட்டும் சீராக்கிய ஒருவருக்கும் அதே ஏற்றம் வந்தால், அதுவே ஆட்சேபிக்கத்தக்கது.

ஓட்டைக் கழற்றுவதற்கு முன்

முதலில், சபையின் வரிப் பதிவேட்டில் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் பகுதியில் வீடு பெரும்பாலும் பெண்வழியில், சீதனமாக இறங்கி வருகிறது. தாய் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் சிறிய வீட்டுக்கு மாறிக்கொள்வார். காணி உறுதி எழுதப்படும், ஆனால் வரிப் பதிவேட்டை மாற்ற எவருக்கும் நினைவிருக்காது. எங்கள் வீட்டின் வரி அறிவித்தல், அம்மம்மா இறந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் அவர் பெயருக்கே வந்துகொண்டிருந்தது. வரியைக் கட்டுவதற்கு அது தடையாக இருக்கவில்லை, ஆனால் ஆட்சேபக் கடிதம் எழுத அமர்ந்தபோதுதான் பதிவேட்டின்படி நான் அந்த வீட்டுக்கு யாருமில்லை என்பது புரிந்தது. உறுதியின் பிரதி, நில அளவைப் படம், அடையாள அட்டை ஆகியவற்றுடன் பெயர்மாற்ற விண்ணப்பத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். இடப்பெயர்வுகளில் உறுதியைத் தொலைத்தவர்கள், காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து சான்றுப்படுத்திய பிரதியைப் பெற்றுக்கொள்ளலாம். சகோதரிகளுக்கிடையே பிரிக்கப்படாத பங்காக வீடு இருக்குமானால், திருத்தவேலைக்கு எல்லோருடைய எழுத்துமூலச் சம்மதத்தையும் பெற்று வைப்பது பின்னாளில் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

நிலுவை இருந்தால் கட்டித் தீருங்கள். சோலைவரி ஆளைப் பின்தொடர்வதில்லை, ஆதனத்தைப் பின்தொடர்கிறது. முன்னையவர் விட்டுப்போன பாக்கியும், அதன்மேல் ஏறிய வாரண்டுச் செலவும் இப்போது கைவசம் வைத்திருப்பவரின் தலையில்தான் வந்து விழும்.

அடுத்ததாக, வீட்டின் இப்போதைய நிலையைப் பதிவுசெய்ய வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். ஒவ்வோர் அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும், கூரையை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும், விறாந்தைத் தூண்களை அளவுநாடா பிடித்தபடியும் படமெடுங்கள். முன்வாசலில் அன்றைய பத்திரிகையைப் பிடித்து ஒரு படம் எடுத்தால் திகதிக்கும் சான்றாகும். படவரைஞர் ஒருவரைக்கொண்டு, உள்ள கட்டடத்தின் தரைப்படத்தை அளவுகளுடன் வரைவித்து, மொத்தத் தளப்பரப்பைச் சதுர அடியில் குறிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்த பின்னரும் அந்தச் சதுர அடி மாறவில்லை என்பதுதான் உங்கள் வாதத்தின் முதுகெலும்பு.

அனுமதி

உள்ளதை உள்ளபடி திருத்துவதற்கும், கட்டடத்தின் அமைப்பை மாற்றுவதற்கும் இடையிலுள்ள கோடு அனுமதியிலும் முக்கியமானது. வர்ணம் பூசுவது, உடைந்த ஓட்டை மாற்றுவது போன்றவற்றுக்கு எவரும் வரைபடம் கேட்கமாட்டார்கள். ஆனால் 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம், மாற்றம் என்ற சொல்லைப் பரந்த பொருளில் எடுத்துக்கொள்கிறது. கூரைச் சட்டத்தை முழுதாகக் கழற்றி மீண்டும் அமைப்பதோ, வெளிச்சுவரை இடித்துக் கட்டுவதோ அதற்குள் வரக்கூடும். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே செய்யப்போகும் வேலைகளை எழுதிச் சபையின் வேலைப் பகுதிக்குக் கொடுத்து, அனுமதி தேவையா இல்லையா என்ற பதிலை எழுத்தில் பெறுங்கள். "வாய்மூலம் சொன்னார்கள்" என்பது எந்த விசாரணையிலும் நிற்காது.

பலர் கவனிக்காத ஒரு பெரிய ஆதாயம் இங்கேதான் இருக்கிறது. புளியந்தீவின் பழைய வீதிகளில், விறாந்தைத் தூண் வீதியோரத்தை ஒட்டி நிற்கும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போனால், இன்றைய வீதிக்கோட்டுக்கும் கட்டட எல்லைக்கும் ஏற்பப் பின்வாங்கியே கட்ட வேண்டும். சிறிய வளவாக இருந்தால் முன் அறையின் பாதி அந்தப் பின்வாங்கலிலேயே போய்விடும். நிற்கும் வீட்டைத் திருத்தி வைத்துக்கொள்பவர் அந்த நிலத்தை இழப்பதில்லை. காணி விலையை நினைத்துப் பார்த்தால், இது எந்த வரிக் கழிவையும்விடப் பெரியது.

தொல்பொருள் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ் வீடு பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி அதில் திருத்தமோ மாற்றமோ செய்யக்கூடாது. பழமை மட்டும் ஒரு வீட்டை இந்த வகைக்குள் கொண்டுவந்துவிடாது, அறிவித்தல் வேண்டும். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையின் அயலில் வீடு உள்ளவர்கள், நினைவுச்சின்னங்களைச் சூழக் குறித்த தூரத்துக்குள் கட்டட வேலைகளைக் கட்டுப்படுத்தச் சட்டத்தில் இடமிருப்பதால், அத்திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்திலும் விசாரித்துக்கொள்வது நல்லது.

வேலையும் பற்றுச்சீட்டும்

பற்றுச்சீட்டுகளை இரண்டு உறைகளில் பிரித்து வையுங்கள்: ஒன்று உள்ளதைச் சீராக்கியதற்கு, மற்றது புதிதாகச் சேர்த்ததற்கு. மேசனிடமும் ஓடாவியிடமும் கணக்கு எழுதி வாங்கும்போது, "கூரை வேலை" என்று ஒரே வரியில் எழுதாமல், "உக்கிய கைமரம் 14 மாற்றியது, பழைய ஓடு கழுவி மீண்டும் வேய்ந்தது" என்று எழுதச் சொல்லுங்கள். மதிப்பீட்டு அலுவலர் படிக்கப்போவது அந்த வரியைத்தான்.

திருத்தும் முறையே தவறினால் ஒரே சுவருக்கு இரண்டு முறை செலவு வரும். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். எங்கள் வீட்டின் பின்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. அதில் பூச்சு உதிர்ந்த இடங்களுக்கு, விரைவாக முடியட்டும் என்று ஒரு மேசன் சீமெந்துச் சாந்து பூசினார், நானும் தடுக்கவில்லை. முதல் மாரியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாரி கழிந்த பின் சுவரை விரலால் தட்டியபோது, வெற்றுப் பானையைத் தட்டிய ஒலி வந்தது. நுனியைப் பிடித்து இழுத்ததும் பூச்சு பலகைபோல் கழன்று விழுந்தது. அதன் முதுகில் செங்கல்லின் மேற்பரப்பும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வாவியோரத்து மண்ணிலிருந்து உப்புடன் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சினூடாக வெளியேறிவிடும். சீமெந்து அதன் வழியை அடைத்துவிட்டால், உப்பு உள்ளேயே திரண்டு செங்கல்லைத் தின்னும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே பொருந்தும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். வாடைக்காற்றும் பெருமழையும் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கூரையைத் திறப்பவர் வீட்டையே பணயம் வைக்கிறார். கச்சான் காற்று வீசும் மாதங்கள் கூரைக்கு ஏற்றவை; ஆனால் அந்த வறண்ட காற்றில் சுண்ணாம்புப் பூச்சு வேகமாகக் காய்ந்து வெடிக்கும் என்பதால், நனைத்த சாக்குகளைச் சுவரின்மேல் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளி எங்கள் வீட்டின் ஒரு பக்கக் கூரையைக் கொண்டுபோனபோது, அவசரத்துக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போடப்பட்டது. இப்போது அதைக் கழற்றி மீண்டும் ஓடு வேய்ந்தபோது, அது புதிய கூரையன்று, பழைய கூரையை மீட்டதே என்று காட்ட உதவியது, சூறாவளிக்கு முன் எடுக்கப்பட்ட ஒரு கல்யாணப் படம். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில் நிற்க, அவர்கள் தலைக்குமேல் ஓட்டுத் தாழ்வாரம் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் படங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

வேலைக்காக வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் மாதங்களுக்குக் வரிக் கழிவு கோர முடியுமா என்று சபையின் வருமானப் பிரிவில் வேலைக்கு முன்னரே எழுத்தில் கேட்டுவிடுங்கள். முடிந்த பின் கேட்டால், பூட்டியிருந்ததை மெய்ப்பிக்க வழியிருக்காது.

மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால்

புதிய ஆண்டுப் பெறுமதியைக் காட்டும் அறிவித்தல் கையில் கிடைத்ததும், கிடைத்த திகதியை அதன் மூலையில் எழுதிக் கையொப்பமிடுங்கள். ஆட்சேபத்துக்குரிய காலம் அறிவித்தலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். வழமையாக அது ஒரு மாதம். அந்தக் காலம் கடந்தால், எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு மூடிவிடும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

"மேற்படி வரி இலக்கமுடைய எனது வீட்டின் ஆண்டுப் பெறுமதி ரூ. …… இலிருந்து ரூ. …… ஆக உயர்த்தப்பட்டுள்ளதை ஆட்சேபிக்கிறேன். இவ்வீட்டில் நடைபெற்றது திருத்தவேலை மட்டுமே. தளப்பரப்பு கூடவில்லை, அறைகளின் எண்ணிக்கை கூடவில்லை, பயன்பாடு மாறவில்லை. வேலைக்கு முந்திய, பிந்திய தரைப்படங்களையும், புகைப்படங்களையும், பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் இத்துடன் இணைத்துள்ளேன். இதே வீதியில் ஒத்த பரப்புள்ள வீடுகளின் ஆண்டுப் பெறுமதியையும் கருத்திற்கொண்டு, முன்னைய பெறுமதியையே தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுப்பதானால் பிரதியில் திகதி முத்திரை பெறுங்கள். அயல்வீட்டாரின் பெறுமதியைக் குறிப்பிடும்போது அவர்களுக்குத் தொல்லை வராதபடி நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் குறைத்துக் கேட்கப்போய் அவர்களுக்குக் கூடிவிட்டால், வேலிக்கு மேலால் பேச்சு நின்றுவிடும். மதிப்பீடு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அந்தப் பதில் வரும்வரை ஆட்சேபத்தைத் தாமதிக்காதீர்கள். விசாரணையின் முடிவிலும் நியாயம் கிடைக்கவில்லை என்று கருதுபவர் நீதிமன்றத்தை நாடலாம். ஆயினும் கூடிய வரித்தொகையைச் சட்டத்தரணியின் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

எல்லோருக்கும் உரிய கழிவுகள்

ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31 க்கு முன் செலுத்தினால் 10 வீதமும், காலாண்டு வரியை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் செலுத்தினால் 5 வீதமும் கழிக்கப்படும். முன்னைய உதாரணத்தில் ரூ. 7,200 ஐயும் ஜனவரியிலேயே செலுத்துபவருக்கு இது ரூ. 720.

வீட்டை, அல்லது அதன் ஒரு பகுதியை, வாடகைக்கு விடுபவர்களுக்கு வருமானவரியில் ஒரு விடுவிப்பு உண்டு. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, இலங்கையில் வதியும் தனிநபர் ஒருவர், தன் வாடகை வருமானத்தின் 25 வீதத்தைத் திருத்தம், பராமரிப்பு, தேய்வு ஆகியவற்றுக்கான விடுவிப்பாகக் கழித்துக்கொள்ளலாம். பழைய வீட்டுக்கென்று தனியே தரப்பட்டதன்று என்றாலும், பழைய வீட்டுக்காரருக்கே இது அதிகம் பயன்படும். ஆனால் வீட்டை விருந்தினர் விடுதியாகவோ அலுவலகமாகவோ மாற்றினால், பயன்பாடு மாறிவிட்டதாகக் கொண்டு சோலைவரியும் மாறும். தொழில் உரிமமும் கேட்கப்படும். வாடகைக் கணக்கைப் போடும்போது இவற்றையும் சேர்த்துப் போட வேண்டும்.

சபையிடம் கேட்க வேண்டியது

தங்கைக்கு இவற்றையெல்லாம் எழுதியனுப்பியபோது, "அப்படியானால் இங்கிருப்பதுபோல் அங்கேயும் கேட்கலாமே" என்று பதில் எழுதினாள். கேட்கலாம், ஆனால் வரியை மன்னிக்கும்படி கேட்பது தவறான வழி என்பது என் எண்ணம். வருமானம் குறைந்த சபை எதுவும் அதை ஏற்காது. இலினோய் முறையின் நுட்பம், இப்போது கிடைக்கும் வரியில் ஒரு சதமும் குறைக்காமல், திருத்தத்தால் வரக்கூடிய ஏற்றத்தை மட்டும் சில ஆண்டுகளுக்குத் தள்ளிவைப்பதில் இருக்கிறது. முகப்பும் ஓட்டுக் கூரையும் விறாந்தையும் மாறாமல் திருத்தப்பட்ட வீட்டின் ஆண்டுப் பெறுமதியை, அடுத்த மதிப்பீட்டு மீளாய்வு வரையாவது முன்னைய அளவில் வைத்திருக்குமாறு கேட்பது, கணக்குப் பார்க்கும் எவரும் மறுக்கத் தயங்கும் கோரிக்கை. அதை நிரந்தரமாக்குவதற்குச் சபைத் தீர்மானம் மட்டும் போதாது, சட்டத்திலும் இடம் வேண்டும் என்பதால், கடிதத்தின் பிரதியைக் கிழக்கு மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கும் அனுப்ப வேண்டும். தனியொருவர் எழுதுவதிலும், ஒரே வீதியில் பழைய வீடுகளை வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஒவ்வொரு வீட்டின் படத்தையும் வரி இலக்கத்தையும் இணைத்து எழுதுவது பலனளிக்கும். எங்கள் வீதியில் இதுவரை மூன்று பேர் கையெழுத்திட்டிருக்கிறோம்; நான்காவது வீட்டின் உறுதி இன்னும் அவர்களுடைய அம்மம்மாவின் பெயரிலேயே இருக்கிறது.